காலி என்று சொன்ன கட்டில்

கட்டில் செய்யும் கம்பெனியில் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "எஞ்சினியரிங் படிச்சிட்டு கட்டிலா?" என்று ஒரு சித்தி கல்யாண வீட்டில் பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டார். நான் உளியும் ரம்பமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அவருக்கு நினைப்பு. பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஒரு பழைய கார்மெண்ட்ஸ் ஷெட்டில், பொத்தானை அமுக்கினால் தலைப்பக்கம் எழும்பும் கட்டிலும் பின்னால் சாயும் நாற்காலியும் செய்கிறோம். அதில் என் வேலை ஒன்றே ஒன்று. தன் மேல் ஆள் இருக்கிறதா இல்லையா என்று கட்டிலுக்குத் தெரிய வேண்டும். தெரிய வைப்பது என் பொறுப்பு.

இதென்ன பெரிய பிரம்ம வித்தையா, எடை பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போதாது. துவைத்த துணியை மலைபோல் குவித்தாலும் எடைதான், மூட்டை முடிச்சை இறக்கி வைத்தாலும் எடைதான். எங்களுக்கு வேண்டியது உயிருள்ள உடம்பு. அதற்கு மெத்தை உறைக்குக் கீழே, மின்சாரம் ஓடக்கூடிய துணிப்பட்டைகளைத் தைத்து வைப்போம். துளியூண்டு மின்சாரத்தை அதில் ஏற்றி ஏற்றி இறக்குவோம். பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் பட்டை கொஞ்சமாகத்தான் பிடித்து வைக்கும். மனித உடம்பு உப்புத் தண்ணீர் நிரம்பிய பை அல்லவா, அது பக்கத்தில் வந்தால் பட்டை இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கும். அந்தக் கூடுதலை அளந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். கெப்பாசிட்டிவ் சென்சார் என்று பெயர். செல்போன் கண்ணாடி நம் விரலை அறிவதும் இப்படித்தான்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்தப் பட்டைக்கு மேலே, தொடாமல், ஒரு ஜாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டினேன். கம்ப்யூட்டர் திரையில் படுத்துக் கிடந்த கோடு மெல்லத் தலை தூக்கியது. கையை இழுத்தேன், இறங்கியது. மறுபடி நீட்டினேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தொடவே இல்லை, ஆனால் நான் வருவது அதற்குத் தெரிந்துவிட்டது! பிறகு மெத்தையில் படுத்து அசையாமல் கிடந்தேன். கோடு மேலே ஏறி நின்று, அங்கே லேசாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஏன் ஆடுகிறது என்று யோசித்து மூச்சை நிறுத்தினேன். கோடும் நின்றது. அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பஞ்சையும் துணியையும் தாண்டி, என் நெஞ்சு ஏறி இறங்குவதை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கு அதே சிலிர்ப்புதான், அது போகவே மாட்டேன் என்கிறது.

இனி எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் நைனா என்று கூப்பிடுவோம். கோலார் தங்கவயலில் சுரங்கக் கூண்டு ஓட்டியவர். ஆட்களைப் பாதாளத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டை, மேலே எஞ்சின் வீட்டில் உட்கார்ந்து இயக்குகிற வேலை. சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து, அல்சூரில் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினோம். வாட்ச்மேன் வேலை, லிஃப்ட் ஆப்பரேட்டர் வேலை என்று ஏதேதோ பார்த்தார். இப்போது இதயம் பலவீனமாகி வீட்டோடு இருக்கிறார். நேராகப் படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்த்துப் படுக்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் சரிந்துவிடுவார். கைப்பிடியைச் சுற்றி உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கலாம் என்றேன். "அதுல படுத்தவன் எவன் எழுந்து வந்தான்? வாணாம்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேசை போட்டு, அதன் மேல் தலை கவிழ்த்துத் தூங்குவார். அதையெல்லாம் தூக்கம் என்று எப்படிச் சொல்ல? கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன.

எங்கள் கம்பெனி புதுக் கட்டில்களைச் சில வீடுகளில் போட்டுச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஆபீசில் சண்டை போட்டு ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் நைனா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொத்தானை அமுக்கி ஏற்றினார், இறக்கினார், மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "குலுங்காம போவுது, பரவால்ல" என்றார். அவரிடம் அது பெரிய பாராட்டு. தலைப்பக்கத்தைப் பாதி உயர்த்திப் படுத்தவர், மதியம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாரேன்டி, சின்னப் புள்ளையாட்டம் தூங்குறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஆபீசில் என் திரையின் ஓரத்தில் நைனாவின் கோட்டைத் திறந்து வைத்திருப்பேன். கட்டில் தன் அளவை வைஃபை வழியாக எனக்கு அனுப்பும். சில்க் போர்டு சந்திப்பின் வண்டி நெரிசலைத் தாண்டி, அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனிதர் மூச்சு விடுவதை நான் பொம்மனஹள்ளியில் உட்கார்ந்து பார்க்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து சீட்டுப் பெண், "கண்ணு வச்சிராத, சுத்திப் போடு" என்று கிண்டல் செய்வாள். நிஜமாகவே சுற்றிப் போட்டிருக்கலாம்.

அந்தக் கட்டிலில் ஒரு வசதி இருந்தது. விற்பனை ஆட்கள் நச்சரித்துச் சேர்த்தது. ஆள் எழுந்து போய்விட்டால், சில நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கட்டில் தானாகவே தட்டையாகிவிடும். படுக்கை விரிக்க வசதியாம். ஒருநாள் முற்பகல் அம்மா போன் செய்தாள். பேச்சே வரவில்லை அவளுக்கு. "படுத்துகினு கீறாருடி... அதும்பாட்டுக்கு எறங்கிடுச்சிடி..." அவ்வளவுதான் புரிந்தது. ஆட்டோக்காரரைப் பறக்கடித்து வீட்டுக்கு வந்தேன். நைனா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு இன்னும் நீலமாகத்தான் இருந்தது. அவர் அசந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது கட்டில் தட்டையாகியிருக்கிறது. மூச்சு அடைத்து, கையால் சுவரைத் தட்டியிருக்கிறார். கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து, எங்கிருந்து பலம் வந்ததோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள்.

ஆள் மேலே இருக்கும்போதே, என் மெஷின் "காலி" என்று முடிவு செய்திருக்கிறது!

மூச்சு சீரானதும் நைனா கேட்டார். "நாங்க கூண்டு ஓட்டச் சொல்லோ கீழர்ந்து மணி அடிப்பாங்கோ. கல்லு ஏத்துனா ஒரு மணி, ஆள் ஏறுனா வேற மணி. மணி இல்லாம ஒரு இஞ்சு நவுத்த மாட்டோம். உன் கட்டிலுக்கு யாரும்மா மணி அடிச்சது?"

"தெரியல நைனா."

"தெரியாம இன்னாத்துக்கு நவுருது?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கட்டில் பக்கமே திரும்பவில்லை. மறுபடி நாற்காலி, மறுபடி மேசை மேல் தலை.

அந்த வசதியை அன்றைக்கே பிடுங்கி எறிந்தேன். விற்பனை ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் அதோடு முடியவில்லை. ஆள் இருப்பதே தெரியாத கட்டிலை வீட்டில் விட்டு வைக்க மாட்டோம் என்றார் எங்கள் மேனேஜர். கன்னடக்காரர், என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். "மேடம், நான் சும்னே சொல்லல. காரணம் கொத்தாகணும். இந்த வாரத்துல கொத்தாகலேன்னா பெட் வாபஸ். உங்க அப்பா வேற, ரிஸ்க் பேடா." சும்மா சொல்லவில்லை, காரணம் தெரிய வேண்டும், ஆபத்து வேண்டாம் என்கிறார். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கட்டில் போய்விட்டால் நைனாவுக்கு நாற்காலிதான் கதி. வீங்கிய காலோடு ஒரு மனிதர் எத்தனை நாள் உட்கார்ந்தே தூங்குவார்?

பழைய அளவுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நைனா தூங்கும் நேரங்களில் கோடு திடீரென்று ஒரு படி ஏறுகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது. பிறகு சட்டென்று இறங்குகிறது. பகல் முழுக்க இப்படிச் சின்னச் சின்னப் படிகள். கட்டில் தட்டையான அன்று மட்டும் படி பெரிது, வெகுநேரம் நின்றிருக்கிறது. அந்த உயரத்தையே வழக்கமான அளவு என்று மெஷின் பழகிக்கொண்டுவிட்டது. பிறகு கோடு இறங்கியதும், ஆள் எழுந்து போய்விட்டார் என்று தப்புக் கணக்குப் போட்டிருக்கிறது. அது சரி, படி ஏன் ஏறியது? பக்கத்து வீட்டு மிக்சியைச் சந்தேகப்பட்டேன். ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டேன். மெட்ரோ ரயிலைக்கூட விடவில்லை. ஆபீசில் ஆளுக்கு ஆள் மாறி மாறிப் படுத்தோம், புரண்டோம், பக்கத்தில் ஆட்களை நிறுத்தித் தொடக்கூடச் சொல்லிப் பார்த்தோம். கோடு படி ஏறவே இல்லை, நல்ல பிள்ளையாக நின்றது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

சனிக்கிழமை மதியம், வீட்டில் நானே அந்தக் கட்டிலில் படுத்தேன். லேப்டாப்பைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா முன்னறையில் மேசை மேல் கவிழ்ந்திருந்தார். வாரம் முழுக்க ஓடிய அலுப்பில் கண் சொக்கியது. அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, பிறகு நின்றது. ஈரக்கால் கட்டிலருகே வந்தது. நான் தூங்குவதாக நினைத்து, என் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அழுத்தவில்லை, சும்மா வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

நான் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தேன். கோடு ஒரு படி ஏறி நின்றது!

எனக்கு மூச்சே நின்றது, திரையிலும் அது நின்றது. அசையாமல் கிடந்தேன். அம்மா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். கோடு சட்டென்று விழுந்தது. திரையில் "காலி" என்று எழுத்து வந்தது. நான் அங்கேதான் கிடக்கிறேன், முழு உடம்போடு, காலி!

ஐயோ, எவ்வளவு எளிது! பஞ்சு மெத்தையில் கிடக்கும் உடம்பு தரையோடு தொடர்பு இல்லாமல் மிதக்கிறது. அம்மா வெறுங்காலோடு ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று என்னைத் தொட்டதும், என் உடம்பு அவள் உடம்பு வழியாக மண்ணைத் தொட்டுவிட்டது. பட்டைகளுக்கு நானும் அவளும் பூமியும் சேர்ந்து ஒரே உடம்பு. அதனால்தான் அளவு ஏறியது. கையை எடுத்தால் நான் மறுபடி தனி ஆள், அளவு இறங்குகிறது. எங்கள் ஆபீசில் ஒருவரும் செருப்பு இல்லாமல் நடப்பதில்லை. ரப்பர் அடி ஷூ, கீழே ரப்பர் விரிப்பு வேறு. எங்கள் வீட்டில் ஒருவரும் செருப்போடு நடப்பதில்லை. இத்தனை பேர் படித்துவிட்டு, தொட்டுப் பார்க்கிறவர் வெறுங்காலில் நிற்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் எவர் செருப்புப் போடுகிறார், நாங்களும்தான் போடுவதில்லை. ஆபீசில் ஷூவை மாட்டியதும் வீட்டுத் தரையே மறந்துவிடுகிறது.

நான் துள்ளி எழுந்தேன். "நீதாம்மா! நீ கை வச்சதாலதான் கட்டில் எறங்குச்சு! கண்டுபுடிச்சிட்டேன்!" என்று கத்தினேன். அந்தச் சந்தோஷத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை.

அம்மாவின் முகம் செத்துப்போனது. "நானா?" என்றாள். "அன்னிக்கு அவர மூச்சு முட்ட வச்சது நானா?"

இதயம் பலவீனம் என்று தெரிந்த நாளிலிருந்து, நைனா தூங்கும்போதெல்லாம் மூச்சு இருக்கிறதா என்று அவள் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பாளாம். எங்களில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வீடு துடைத்த ஈரக்காலோடு வந்து, மூச்சு லேசாக இருந்ததுபோல் பட்டதால், வெகுநேரம் வைத்திருந்தாளாம். "உன் தப்பு இல்லம்மா, எங்க தப்பு, மெஷினு தப்பு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாளே தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. அதன் பிறகு அவள் நைனாவைத் தொடவே இல்லை. அவர் நாற்காலியில் கவிழ்ந்திருக்கும்போது கதவருகே நின்று, கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, நெஞ்சு அசைகிறதா என்று தூரத்திலிருந்தே பார்ப்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரை ஷூவைக் கழற்றச் சொன்னேன். "ஏன் மேடம், ஹோமம் ஏதாவது பண்றீங்களா?" என்றார். சாக்ஸையும் கழற்றச் சொன்னேன். விரிப்பைச் சுருட்டிவிட்டு, தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து சீட்டுப் பெண் கட்டிலில் படுத்தாள், அவர் வெறுங்காலில் நின்று அவள் கையைப் பிடித்தார். கோடு படி ஏறியது. விட்டார், "காலி" என்றது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி பிடித்தார், விட்டார். "ஐயோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டார். பிறகு ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து வரிசையாகக் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு கை சேரும்போதும் கோடு எப்படி அசைகிறது என்று பார்த்து ஒரே கூச்சல். அன்று எங்களில் யாருக்கும் வயசே இல்லை.

மெஷின் பழகுகிற முறையை மாற்றினோம். எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும், வெறும் மெத்தையின் அளவுக்குக் கோடு வந்து சேராதவரை காலி என்று சொல்லக் கூடாது. நானே போதும் போதும் என்கிறவரை சோதித்தேன். கட்டில் வீட்டிலேயே இருக்கலாம் என்றார் மேனேஜர். தானாக இறங்கும் வசதியைத் திரும்பச் சேர்க்கவே இல்லை, அது போய்த் தொலையட்டும்.

நைனாவைச் சம்மதிக்க வைப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவருக்கு உட்கார முடியவில்லை. ஒரு மதியம் தானாகவே வந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப மணி அடிக்க ஆள் கீதா?" என்றார். "கீது நைனா" என்றேன். படுத்தார். தலைப்பக்கத்தைப் பாதி உயர்த்தினேன். கண்ணை மூடினார். திரையில் கோடு ஏறி நின்று, அவர் மூச்சோடு ஆடத் தொடங்கியது.

அம்மா கதவருகேயே நின்றாள்.

"கிட்ட வந்து தொடும்மா," என்றேன். "இப்ப ஒண்ணும் ஆவாது."

"நான் வரல. நான் தொட்டா ஆவாதுடி."

"எத்தினி வாட்டி சொல்றது? நூறு பேர் தொட்டாலும் எறங்காது. வா."

அவள் அசையவில்லை. கண் மூடியிருந்த நைனாதான் பேசினார். "இன்னாத்துக்கு அங்கயே நிக்கற? வா இங்க."

அம்மா வந்தாள். தலைப்புக்குள்ளிருந்து கையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தாள். விரல் நடுங்கியது. கோடு ஒரு படி ஏறியது. அவள் திரையைப் பார்க்கவில்லை, கட்டிலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சுட்டுவிட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். கோடு ஒரு படி இறங்கியது, நைனாவின் மூச்சோடு ஆடியபடி நின்றது. "ஆள் உண்டு" என்ற எழுத்து மாறவே இல்லை. கட்டில் அசையவில்லை.

"பாத்தியா?" என்றேன்.

"எப்பவும் இதே வேலதான் இவளுக்கு," என்றார் நைனா, கண்ணைத் திறக்காமல். "வந்து கைய வெப்பா. எனக்குத் தூக்கம் புடிக்கிற நேரம் பாத்து எடுத்துகினு போயிடுவா."

அம்மா வாயைப் பிளந்தாள். "ஏன்யா, இத்தினி நாளும் முழிச்சிகினா இருந்த?"

"பின்ன? நீ எப்ப வருவன்னுதான் படுத்துகினு இருப்பேன்."

அம்மாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் ஒன்றாக வந்தது. மறுபடி கையை வைத்தாள். அவர் தன் கையைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டார். "எடுக்காத" என்றார்.

கோடு மேலே ஏறி நின்றது. ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் அவர் மூச்சு எது, அவள் நடுக்கம் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக நான் பார்க்கிற கோடு அது, அன்றைக்கு என்னால் பிரிக்க முடியவில்லை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ போய் அடுப்ப நிறுத்துடி," என்றாள். "நான் வர முடியாது."